மன்னார் வளைகுடாவில் மெலிந்து வரும் பவளப்பாறைகள்

தமிழகத்தின் தென்கிழக்குக் கடலோரத்தில், பாம்பன் முதல் தூத்துக்குடி வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இவை கடலில் மிதக்கும் பச்சைத் திட்டுகளாகத் தெரியும். இத்தீவுகளைச் சுற்றிலும், அலைமட்டத்துக்குக் கீழே, பவளப்பாறைகள் வேலி போல் வளைந்து கிடக்கின்றன. தோட்டத்துக்கு முள்வேலி எப்படியோ, இக்கடற்கரைக்குப் பவளப்பாறை அப்படி. வேலி பிரிந்தால் வெள்ளாடு புகுவதைப் போல, பாறை அழிந்தால் அலை புகுகிறது.

இந்த வேலி கடந்த அறுபது ஆண்டுகளில் பல இடங்களில் பிரிந்துவிட்டது. 21 தீவுகளில் இரண்டு ஏற்கனவே நீரில் மூழ்கிவிட்டன. மற்றும் சில தேய்ந்து வருகின்றன. இது எப்படி நேர்ந்தது, இதில் கடலோடிகளின் பங்கு என்ன, கரையில் உழுது பயிரிடும் விவசாயிகளின் பங்கு என்ன, இனிச் செய்யக்கூடியது என்ன என்பதை அறிந்து கொள்வது இரு சாராருக்கும் பயனளிக்கும்.

பாறையல்ல, பண்ணை

பவளப்பாறை என்ற பெயரைக் கேட்டதும் அது வெறும் கல் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உயிருள்ள சிறு பிராணிகள் கூடி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பிராணியும் கடுகு முதல் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொள்கிறது. ஒரு தலைமுறையின் கூட்டின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எழுந்ததே பவளப்பாறை. கடலோர மக்கள் இதை முருகைக்கல் என்று அழைப்பர்.

இப்பிராணியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பயறு, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குக் கொடுப்பதும், செடி அதற்கு மாவுச்சத்து கொடுப்பதும் விவசாயிகள் அறிந்ததே. இங்கும் அதே உறவுதான். நுண்பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இடமும் கழிவுச் சத்தும் தருகிறது. பவளத்தின் நிறமும் இந்தப் பாசியால் வருவதே.

எனவே பவளம் வளர மூன்று நிபந்தனைகள் உள்ளன. நீர் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையேல் பாசிக்கு ஒளி கிடைக்காது. நீரின் வெப்பம் ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது. நீரில் உரச்சத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும்; சத்து மிகுந்தால் வேறு பாசிகள் களை போல் வளர்ந்து பவளத்தை மூடிவிடும். சாதாரண நிலத்துக்கு உரம் இட்டால் விளைச்சல் பெருகும். பவளத் தோட்டத்துக்கு உரம் போனால் களைதான் பெருகும்.

வளர்ச்சியும் மிக மெதுவானது. உருண்டைத் திரளாக வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளரும். மான்கொம்பு போல் கிளைத்து வளரும் வகைகள் விரைவாக, ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை கூட வளரும். ஆனால் அவைதான் வெப்பத்துக்கும் கலங்கலுக்கும் முதலில் பலியாகின்றன. ஆளுயரத் திரள் ஒன்றைக் கடப்பாரையால் பெயர்க்க அரை நாள் போதும். அது மீண்டும் அந்த உயரத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும்.

நான்கு தீவுக்கூட்டங்கள்

21 தீவுகளும் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண்டபம் கூட்டத்தில் சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு என ஏழு தீவுகள். கீழக்கரைக் கூட்டத்திலும் ஏழு. வேம்பார்க் கூட்டத்தில் நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி என மூன்று. தூத்துக்குடிக் கூட்டத்தில் காரியசல்லி, விலாங்குசல்லி, காசுவார், வான்தீவு என நான்கு. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்ற பெயர்களே, ஊற்று தோண்டிக் குடிநீர் தேடிய கடலோடிகள் இட்டவை என்பதைக் காட்டும்.

இத்தீவுகளைச் சுற்றி 117 வகைப் பவளங்கள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றின் இடுக்குகளில் கலவா, விளைமீன், ஓரா, கிளிமீன், சிங்கி இறால் முதலியவை தங்கி இரை தேடுகின்றன. பல வகை மீன்களின் குஞ்சுகள் இங்கேதான் வளர்ந்து பெரிதாகின்றன. வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, கரைக்கடல் மீன்பிடிப்புக்குப் பவளப்பாறை அப்படி. ஏர்வாடி, கீழக்கரை, சிப்பிகுளம், வேம்பார், தருவைகுளம் போன்ற ஊர்களில் வள்ளத்தையும் நாட்டுப்படகையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு இந்த நாற்றங்காலைப் பொறுத்தே எரிகிறது.

சுண்ணாம்புக்காகப் பெயர்த்த கல்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளுக்கு ஏற்பட்ட முதல் பெரிய சேதம் கல் எடுப்பினால் வந்தது. கச்சான் காற்று ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் காலங்களில், நீர் வற்றிய நேரம் பார்த்து வள்ளங்கள் தீவுகளை ஒட்டி நங்கூரமிடும். ஆட்கள் மூழ்கிக் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றுவார்கள். கரைக்கு வந்த கல், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடு தொழிலுக்கும் போயிற்று. வீடு கட்டவும் சாலை போடவும் கூடப் பயன்பட்டது. இராமநாதபுரம், தூத்துக்குடி கடலோர ஊர்களில் பழைய சுவர்களை உற்றுப் பார்த்தால் முருகைக்கல்லின் நட்சத்திர அடையாளங்களை இன்றும் காணலாம்.

1960-களிலும் 1970-களிலும் இத்தொழில் மும்முரமாக நடந்தது. மண்டபத்திலிருந்த கடல் மீன் ஆராய்ச்சியாளர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை செய்தனர். ஆனால் கல் எடுத்தவர்கள் ஏழைத் தொழிலாளிகள். மீன் கிடைக்காத மாதங்களில் கூலிக்கு வேறு வழியில்லாதவர்கள். லாபம் கண்டவர்கள் வேறு. ஆகவே வெறும் எச்சரிக்கையால் தொழில் நிற்கவில்லை.

1986-ம் ஆண்டில் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடற்பகுதியும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ம் ஆண்டில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஏற்படுத்தப்பட்டது. 2001-ம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. தூத்துக்குடிப் பகுதியில் கல் எடுப்பு 2005-ம் ஆண்டு வாக்கில்தான் ஏறக்குறைய முழுமையாக நின்றது.

அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நீருக்கடியில் சென்று அளந்ததில், மொத்தம் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்திருப்பது தெரிந்தது. பெரும்பகுதி கல் எடுப்பினால் வந்த சேதம். சுருங்கச் சொன்னால், பத்து ஏக்கர் தோப்பில் மூன்று ஏக்கரை வேரோடு பெயர்த்ததற்கு ஒப்பாகும்.

தீவு தேய்ந்த விதம்

கல் எடுத்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்ளலாம். மேட்டு நிலத்தில் வரப்பை வெட்டிவிட்டால் மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். பவளப்பாறையும் ஒரு வரப்பே. வெளிக்கடலிலிருந்து வரும் அலை அதில் மோதி உடைந்து, வலுவிழந்துதான் தீவின் மணலைத் தொடும். வரப்பு போனபின் அலை நேராகத் தீவைத் தாக்குகிறது. மணல் அரிபடுகிறது. மரங்கள் வேரோடு சாய்கின்றன.

மண்டபம் கூட்டத்தில் பூமரிச்சான் தீவும், தூத்துக்குடிக் கூட்டத்தில் விலாங்குசல்லித் தீவும் நீரில் மூழ்கிவிட்டன. கல் எடுப்பு மிகுதியாக நடந்ததே இத்தீவுகள் மறைந்ததற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அண்டையிலுள்ள காரியசல்லித் தீவு 1969-ம் ஆண்டில் 20 எக்டேருக்கு மேல் இருந்தது. 2018-ல் சுமார் 6 எக்டேராகச் சுருங்கியது. வான்தீவும் தேய்ந்து, ஒரு கட்டத்தில் நடுவே அறுபட்டு இரண்டு துண்டானது.

இந்தத் தீவுகள் கரைக்கு முன்னால் நிற்கும் இரண்டாவது வரப்பு. பாறை போய், தீவும் போனால், அலை நேரே கரைக்கு வரும். கரை அரிப்பு மிகுந்தால் உப்பு நீர் உள்ளே புகுவதும், கடலோரக் கிணறுகள் உவர்ப்பாவதும், பனந்தோப்பும் தென்னந்தோப்பும் வாடுவதும் தொடர்ந்து வரும். ஆகவே கடலில் நடப்பது கடலோடு நிற்பதில்லை.

கலங்கல், வலை, கூடு

கல் எடுப்பு நின்றாலும் வேறு தொல்லைகள் நிற்கவில்லை. விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியைப் புரட்டி மண்ணைக் கிளப்புகிறது. கிளம்பிய சேறு பவளத்தின் மீது படிந்து ஒளியை மறைக்கிறது. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியுள்ளது. ஆயினும் எல்லை மீறல் பற்றிய தகராறுகள் தொடர்ந்து வருகின்றன.

அறுந்து பாறையில் சிக்கிய தங்கூசி வலை பல ஆண்டுகள் மக்காமல் கிடந்து பவளக் கிளைகளை ஒடிக்கிறது. மீன் பிடிக்கும் கூடுகளைப் பாறையின் மேல் வைப்பதும், அவை அலையில் நகராமல் இருக்கப் பவளக் கற்களையே பெயர்த்துப் பாரம் வைப்பதும் சில இடங்களில் வழக்கம். வெடி வைத்து மீன் பிடிப்பதோ சட்டப்படி குற்றம் என்பதோடு, குஞ்சையும் கூட்டையும் ஒருசேர அழிப்பதாகும்.

கரையிலிருந்து வரும் கேடும் உண்டு. வடகிழக்குப் பருவமழையின்போது வைப்பாறும் குண்டாறும் தாமிரபரணியும் கலங்கல் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கரிசல் காட்டு மானாவாரி நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே உழாமல் சரிவோடு உழுதால், முதல் மழையிலேயே நுண்ணிய களிமண் ஓடைக்குப் போய்விடும். அந்த மண்ணுடன் இட்ட உரமும் போகிறது. இத்துடன் கடலோர ஊர்களின் சாக்கடை நீரும், இறால் பண்ணைகளின் கழிவு நீரும் சேர்கின்றன.

2019-ம் ஆண்டு செப்டம்பரில் மண்டபம் பகுதியில் கடல்நீர் பச்சை நிறமாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் அளவுமீறிப் பெருகியதே காரணம். அது மடிந்து அழுகியபோது நீரிலிருந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. விரைவாக வளரும் கிளைப் பவளங்கள் மூச்சுமுட்டி மடிந்தன. இத்தகைய பெருக்கத்துக்குக் காற்றும் நீரோட்டமும் காரணமாகலாம். எனினும் நீரில் சத்து மிகுவது அதற்குத் தூண்டுகோல் என்பதில் ஐயமில்லை.

வெப்பத்தால் வெளிறுதல்

மற்ற கேடுகளைச் சட்டத்தாலும் கட்டுப்பாட்டாலும் தடுக்கலாம். கடலின் வெப்பம் அப்படியன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் காற்று அடங்கி, நீர் அசையாமல் நின்று, வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கும்போது பவளம் தன்னுள் இருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. உடன் நிறம் போய் எலும்பு போல் வெளுக்கிறது. இதுவே வெளிறுதல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பவும் குடியேறிப் பவளம் பிழைக்கும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும்.

மன்னார் வளைகுடாவில் 1998-ம் ஆண்டு கடுமையான வெளிறல் ஏற்பட்டது. பின்னர் 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் பெருஞ்சேதம் நேர்ந்தது. 2024-ம் ஆண்டு உலகெங்கும் பவளப்பாறைகள் வெளிறியபோது இங்கும் வெளிறல் காணப்பட்டது. பாறைப் பரப்பில் உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்ற கணக்கைப் பார்த்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகும்.

2005-ம் ஆண்டு: சுமார் 37 சதவீதம்.
2009-ம் ஆண்டு: சுமார் 43 சதவீதம்.
2010-ம் ஆண்டு வெளிறலுக்குப் பின்: சுமார் 33 சதவீதம்.
2016-ம் ஆண்டு வெளிறலுக்கு முன்: சுமார் 39 சதவீதம்.
2016-ம் ஆண்டு வெளிறலுக்குப் பின்: சுமார் 23 சதவீதம்.
2021-ம் ஆண்டு: சுமார் 27 சதவீதம்.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, கல் எடுப்பு நின்ற நான்கே ஆண்டுகளில் உயிருள்ள பவளம் 37-லிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. கையை எடுத்தால் பவளம் தானே தேறும் என்பதற்கு இது சான்று. இரண்டாவது, ஒவ்வொரு வெளிறலுக்குப் பின்னும் தேறுவதற்குக் கிடைக்கும் அவகாசம் போதவில்லை. கடன் அடைபடுமுன் அடுத்த வறட்சி வந்த குடும்பத்தின் நிலைதான் இது. இத்தகைய நேரத்தில் சேறும் சாக்கடையும் உரநீரும் சேர்ந்தால் தேறும் பவளமும் தேறாது. வெப்பத்தைத் தணிக்க ஓர் ஊராரால் இயலாது. ஆனால் மற்ற சுமைகளைக் குறைக்க இயலும்.

வருமானம் தந்த பாசி, வரம்பு மீறிய பாசி

இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் நெடுங்காலமாகத் தீவுகளை ஒட்டிக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைப் பறித்து விற்றுப் பிழைத்து வந்தனர். தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகள் கடுமையானபோது அவர்கள் வருமானம் பாதிக்கப்பட்டது. மாற்றுத் தொழிலாக வந்ததே கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி வளர்ப்பு.

இது 1984-ம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தாரால் முதலில் குஜராத் கடலில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. 1990-களின் மத்தியில் மண்டபத்துக்கு வந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் வணிக முறையில் பாக் நீரிணைக் கரையில் பரவியது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து விட்டால் 45 நாளில் அறுவடைக்கு வரும். மகளிர் குழுக்கள் பல இதனால் பயனடைந்தன. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இப்பாசி விதையால் அன்றித் துண்டால் பெருகும். கரும்புக் கரணை போல, ஒடிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச்செடி. 2008-ம் ஆண்டில் குருசடைத் தீவின் கிளைப் பவளங்கள் மீது இப்பாசி போர்வை போல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். போர்த்திய இடத்தில் ஒளி மறைந்து பவளம் மடிந்தது. பிறகு வேறு சில தீவுகளிலும் தென்பட்டது. மூழ்கிக் கையால் பறித்து அகற்றும் பணி அவ்வப்போது நடைபெறுகிறது. சிறு துண்டு தங்கினாலும் மீண்டும் தழைத்துவிடுகிறது. விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக் கருவேல் இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்ட கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கனியோஹே விரிகுடா தரும் பாடம்

இதே பாசியால் அல்லலுற்ற வேறொரு விரிகுடாவின் அனுபவம் இங்கே பயன்படும். பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவுகளில் ஓவாகு தீவின் கிழக்குக் கரையில் கனியோஹே விரிகுடா உள்ளது. ஒரு காலத்தில் அழகிய பவளத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப்போரை ஒட்டிக் கடற்படை விமானத் தளத்துக்காக அங்கே பாறைகள் தோண்டப்பட்டன. பின்னர் குடியிருப்புகள் பெருகி, பல ஆண்டுகள் சாக்கடை நீர் விரிகுடாவில் விடப்பட்டது. 1965-ம் ஆண்டு பெருமழையில் மலைச்சரிவிலிருந்து வந்த நன்னீர் வெள்ளம் ஆழமில்லாப் பகுதிகளின் பவளங்களைக் கொன்றது. சாக்கடைச் சத்தை உண்டு குமிழ் போன்ற பச்சைப் பாசி ஒன்று பாறைகளை மூடியது.

1977, 1978-ம் ஆண்டுகளில் சாக்கடை நீர் குழாய் மூலம் வெளிக்கடலுக்குத் திருப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. குமிழ்ப் பாசி குறைந்தது. பவளம் பெருகத் தொடங்கியது. ஆனால் ஆராய்ச்சிக்காக 1974-ம் ஆண்டில் அங்கே கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் இதற்கிடையில் பரவிவிட்டது. அதை அகற்ற, படகில் பொருத்திய உறிஞ்சு குழாயால் பாசியை இழுத்தெடுத்தார்கள். எஞ்சியதை மேய்வதற்கு, 2011-ம் ஆண்டு முதல் முட்கள் நிறைந்த உருண்டை வடிவக் கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துப் பாறைகளில் விட்டார்கள். களையைப் பறித்துவிட்டு ஆட்டை மேயவிடுவது போன்ற முறை இது. பாசி வெகுவாகக் குறைந்தது.

இந்த அனுபவத்திலிருந்து தெரிவது: கரையிலிருந்து வரும் கழிவை நிறுத்தினால் பலன் கண்கூடாகக் கிடைக்கும். புதுப் பயிரைக் கடலில் விடுவது எளிது. திரும்ப எடுப்பது அரிது.

நடவு முறையில் மறுவாழ்வு

தூத்துக்குடியில் 2002-ம் ஆண்டு முதல் பவளத் துண்டுகளைக் காங்கிரீட் பலகைகளில் கட்டி, சேதமான இடங்களில் நடும் பணி நடைபெற்று வருகிறது. தாய்ப் பாறையிலிருந்து சிறு கிளைகளை அளவாக எடுத்து, நிலையான அடித்தளத்தில் கட்டி, ஆழமும் நீரோட்டமும் பார்த்து வைக்கிறார்கள். கல் எடுத்த இடங்களில் தளர்ந்த சல்லிக் கற்களே மிஞ்சியிருப்பதால், கடலில் மிதந்து வரும் இளம் பவளம் பற்றிக்கொள்ள இடமில்லை. அந்தக் குறையைப் பலகை போக்குகிறது.

வான்தீவைக் காக்க, 2015-ம் ஆண்டுக்குப் பின் துளைகள் கொண்ட காங்கிரீட் கட்டுமானங்கள் தீவுக்கு வெளியே வரிசையாக இறக்கப்பட்டன. அலையின் வேகம் குறைந்து, தீவில் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. துளைகளில் மீன்கள் குடியேறின. மேற்பரப்பில் பவளமும் பற்றியது. காரியசல்லித் தீவுக்கும் இம்முறையில் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. எனினும் செயற்கைப் பாறை அவசரத்துக்கு இடும் முட்டுக்கட்டையே. தானே வளர்ந்து தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் ஆற்றல் உயிருள்ள பவளத்துக்கு மட்டுமே உண்டு.

விவசாயிகள் செய்யக் கூடியவை

1. மானாவாரிக் கரிசல் நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே உழுதல், சம உயர வரப்பு அமைத்தல், வரப்பில் வெட்டிவேர் நடுதல் ஆகியவற்றால் மண் அரிமானம் குறையும். கோடை உழவு செய்தால் மழைநீர் நிலத்திலேயே இறங்கும். மண் தங்கினால் விளைச்சலும் தங்கும்.

2. பண்ணைக்குட்டை தோண்டினால் வழிந்தோடும் நீரும் வண்டலும் அதில் நிற்கும். படிந்த வண்டலைக் கோடையில் எடுத்து வயலுக்கே இடலாம். கண்மாய்களைத் தூர்வாரினால் கடலுக்குப் போகும் சேற்றின் அளவு குறையும்.

3. தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பயிரின் பருவத்துக்கு ஏற்பப் பிரித்து இட வேண்டும். மண் பரிசோதனைப்படி மணிச்சத்தை அளவோடு இட வேண்டும். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் இடலாம். பெருமழை எதிர்பார்க்கப்படும் நாட்களில் உரமிடுவதைத் தள்ளிப்போட வேண்டும். ஓடிப்போன உரம் விவசாயிக்கும் நட்டம், கடலுக்கும் கேடு.

4. கடலோர இறால் பண்ணையாளர்கள் கழிவு நீரை நேரே ஓடைக்கு விடாமல், தனிக் குளத்தில் தேக்கித் தெளியவைத்த பின்பே வெளியேற்ற வேண்டும்.

5. கடற்கரை மணல் மேடுகளில் உள்ள பனைகளையும் புதர்களையும் அழிக்கக் கூடாது. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் முருகைக்கல் வாங்கக் கூடாது. தேவையான சுண்ணாம்புக்கல் தாழையூத்து போன்ற இடங்களில் நிலத்திலேயே கிடைக்கிறது.

கடலோடிகள் செய்யக் கூடியவை

1. நங்கூரத்தைப் பவளத்தின் மீது போடாமல் மணல் தரையில் போட வேண்டும். கூடுகளுக்குப் பவளக் கல்லைப் பாரமாக வைக்காமல் செங்கல் அல்லது காங்கிரீட் துண்டைக் கட்டலாம்.

2. அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

3. பாசி வளர்ப்போர் தீவுகளுக்கு அருகே மிதவை போடக் கூடாது. அறுவடையின்போது ஒடியும் துண்டுகள் மிதந்து போகாமல் மிதவையின் அடியில் வலை கட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் மிதவைகளைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும்.

4. ஓராவும் கிளிமீனும் பாறையிலுள்ள பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் உண்டாக்குபவை. இவற்றின் குஞ்சுகள் வலையில் சிக்கினால் உயிரோடு கடலில் விட்டுவிடுவது நல்லது.

5. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் நடைமுறையிலுள்ள 61 நாள் விசைப்படகுத் தடை, பவளம் வெளிறும் மாதங்களுடன் பொருந்தி வருகிறது. நோயுற்ற பவளத்தைச் சேறு கிளப்பி மேலும் வருத்தாமல் இருக்க இத்தடை உதவுகிறது. இதை மனமாரக் கடைப்பிடித்தல் வேண்டும்.

இந்தப் பட்டியலில் அரசின் பங்கும் சேரும். கடலோர ஊர்களின் சாக்கடையைச் சுத்திகரிப்பதும், பாசி பறித்துப் பிழைத்த பெண்களுக்கும் கல் எடுத்து வாழ்ந்த குடும்பங்களுக்கும் நிலையான வருமானத்துக்கு வழி செய்வதும் அரசின் கடமைகள். வயிற்றுப் பாட்டுக்கு வழியில்லாதவரிடம் பாறையைக் காக்கச் சொல்வது பயன் தராது என்பது 1970-களிலேயே தெரிந்த உண்மை.

பூமரிச்சானும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. அவற்றை இனி மீட்க இயலாது. ஆனால் மற்ற 19 தீவுகள் இன்னும் நிற்கின்றன. கல் எடுப்பு நின்றதும் நான்கு ஆண்டுகளில் பவளம் தேறியது போல, சேறும் கழிவும் குறைந்தால் அடுத்த வெப்பத்தைத் தாங்கும் வலுவும் அதற்கு வரும். வைப்பாற்றின் மேட்டில் கட்டும் ஒவ்வொரு வரப்பும் வயலைக் காப்பதுடன், ஆற்றின் கழிமுகத்துக்கு அப்பால் உள்ள தீவின் வரப்பையும் காக்கிறது என்பதை நினைவில் கொண்டு, இந்த ஐப்பசி மழைக்கு முன்பே பணியைத் தொடங்குவது நலம்.